குழிமேட்டு அருகம்புல்

சேசு மரி சூசை துணை

சென்னப்பட்டணம்,
19-1-1947

அன்புள்ள இன்னாசிமேரிக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாக வந்து சேர்ந்தேன். அரியலூரில் ரயிலேறியவன் விழுப்புரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். அதற்குப் பிறகு யாருடைய மூட்டை மேலோ உட்காரக் கிடைத்தது. நீ கட்டிக் கொடுத்த புளிச்சோறு இரண்டு வேளைக்கு வந்தது.

இது தோட்ட வேலை இல்லை. பூச்செடி, மரம் எதுவும் எங்கள் கையில் கிடையாது. புல் ஒன்றுதான். வெள்ளைக்காரர்கள் பந்து ஆடுகிற இந்தக் கிளப்பில் பதினெட்டு மாதம் புல் வேலை பழக வேண்டும். பழகி முடித்தால் நிரந்தர வேலை, கிளப்புக்குப் பின்னால் குடியிருக்க ஓர் அறை. சண்டைக் காலத்தில் விமானத் தரையில் புல் பதித்தவன் என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் ஆறு பேர் பழகுகிறோம். எங்கள் மேலதிகாரி பெல்லாமி துரை.

நீ சிரிப்பாய் என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். இரண்டாம் நாள் துரை என்னை ஒரு பாத்தியில் உட்கார வைத்து, களை எடு என்று சைகை காட்டிவிட்டுப் போனார். அங்கே அருகும் கோரையும் கலந்து கிடந்தன. நம் ஊரில் இரண்டும் களைதானே? மத்தியானத்துக்குள் அத்தனையையும் பிடுங்கி, நாற்றங்கால் மாதிரி மண்ணைச் சுத்தமாக்கி, வெகு பெருமையாக நின்றேன். துரை வந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த அருகு அவர் இரண்டு வருஷமாக வளர்த்ததாம். கோரையை மட்டும் எடுக்கச் சொன்னாராம். பிழைப்பு அன்றோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் நான் பிடுங்கிப் போட்ட வேரைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு கணுகூட அறுபடாமல் வந்திருந்தது. அதைப் பார்த்து, நடு என்றார். பதினோரு நாளாக அதைத்தான் திரும்ப நட்டுக்கொண்டிருக்கிறேன்.

புல்தரையை அமுக்கும் உருளையை இழுக்கிற மாடுகளுக்கு இங்கே தோல் செருப்புப் போடுகிறார்கள், குளம்பு பட்டுப் புல் நசுங்கக்கூடாது என்று. நாங்கள் ஆறு பேரும் வெறுங்காலோடு நடக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

உன் அன்புள்ள,
சவரிமுத்து


ஏலாக்குறிச்சி,
2-2-1947

என் அன்பிற்குரியவருக்கு உங்கள் இன்னாசிமேரி தோத்திரம் சொல்லி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. மாட்டுக்குச் செருப்பு போடுகிற ஊரில் மனிதனுக்குச் சோறாவது போடுகிறார்களா என்று எழுதுங்கள். தபால்காரர் வெள்ளைச்சாமி அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம ஆளு போயி ரெண்டே நாள்ல துரை தொப்பியக் கழட்ட வச்சிட்டாரே" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நீங்கள் பிடுங்கினது எனக்கு ஆச்சரியமில்லை. என்னை உட்கார வைத்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். என்ன, நான் எடுத்த கொல்லையில் அருகு திரும்பி வந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. உங்கள் துரைக்கு என்னைத் தெரியாமலே இருக்கட்டும்.

அடைக்கல மாதா கோயிலில் உங்களுக்காக மெழுகுதிரி ஏற்றினேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போனேன். நம் பிள்ளை செசிலியின் குழியில் கிழக்கு ஓரம் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. மண் கொட்டி மெழுகினேன். ஒவ்வொரு மழைக்கும் அது இறங்குகிறது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நாலு பக்கம் எழுதினீர்கள். மாட்டைப் பற்றி எழுதினீர்கள், கோரையைப் பற்றி எழுதினீர்கள். செசிலி பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. அவள் போய் இரண்டு வருஷம் ஆயிற்று. இந்த இரண்டு வருஷத்தில் உங்கள் வாயால் அந்தப் பெயர் வந்து நான் கேட்கவில்லை. உங்கள் பெயரை நான் உறை மேல் எழுதுவதில்லை, வெள்ளைச்சாமி அண்ணன்தான் எழுதிக் கொடுக்கிறார். அது வழக்கம். அவள் பெயரை நீங்கள் எழுதாததற்கு என்ன வழக்கம்?

தங்கள்,
இன்னாசிமேரி


சென்னப்பட்டணம்,
20-4-1947

அன்புள்ள இன்னாசிமேரிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாக்கிவிட்டேன், பொறுத்துக்கொள். கோடையில் இந்தப் புல்லை உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடு. விடியற்காலை மூங்கில் கழியால் பனியைத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பிறகு மிஷினால் வெட்டு, பிறகு உருளை, பிறகு தண்ணீர். சாணத்தூளும் ஆற்றுமணலும் சலித்துத் தூவுவது எப்படி என்று பழகிவிட்டேன். என் பாத்தியைத் துரை மற்ற பேருக்குக் காட்டுகிறார்.

புதுத் தரை எப்போது தயார் என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன். மழை பெய்து முடிந்த மறுநாள் உள்ளங்கையை விரித்து வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும். மண் அமுங்கினால் இன்னும் ஆள் காவல் வேண்டும். அமுங்காவிட்டால் வேர் மண்ணைப் பிடித்துவிட்டது. அப்புறம் அதை விட்டுவிட்டுப் போகலாம்.

அடுத்த வருஷம் ஆனி மாதத்தோடு என் பழகும் காலம் முடிகிறது. அறை நிச்சயம். ஜன்னல் ஒன்று இருக்கிறது, பக்கத்தில் மாதா கோயில் இருக்கிறது. நீ வருவாய் அல்லவா?

நீ கேட்டதற்கு எனக்குப் பதில் எழுத வரவில்லை.

சவரிமுத்து


வரதராஜன்பேட்டை,
24-8-1947

என் அன்பிற்குரியவருக்கு,

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு விலகிப் படுத்த படுக்கையாகிவிட்டதால் நான் இங்கே வந்து பத்து நாளாகிறது. கலியம்மாள் சின்னம்மா ஒருத்தியால் முடியவில்லை. கல்லறைத் திருநாள் நெருங்குகிறவரை இங்கேதான் இருப்பேன் போலிருக்கிறது. தூக்கி உட்கார வைக்க ஒரு ஆள், துடைக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

பதினைந்தாம் தேதி இங்கே பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினார்கள். அன்றைக்கு மாதா மோட்சத்துக்கு ஆரோபணமான திருநாளும் ஆனதால் சர்க்கரைப் பொங்கல் இரண்டு தடவை கிடைத்தது. எனக்கு உடனே உங்கள் நினைவுதான். வெள்ளைக்காரன் கப்பலேறிவிட்டால் அவன் புல்லை யார் வளர்ப்பார்கள்? வேலை போய்விடும், திரும்பி வந்துவிடுவார் என்று கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். அம்மாவும் சொன்னாள். "புருஷன் ஒரு ஊரு, நீ ஒரு ஊருன்னு எத்தனை நாளைக்குடி? புள்ளயக் குடுத்துட்டோம்னு குழியிலயே குடியிருப்பியா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனியில் வருகிறேன். வாக்குக் கொடுத்து எழுதுகிறேன்.

செசிலி குழியைப் பார்க்காமல் ஒரு ஞாயிறும் இருந்ததில்லை. இப்போது இரண்டு ஞாயிறு போய்விட்டது. அதுதான் நெஞ்சில் கிடக்கிறது.

செப்டம்பரில் மாதா பிறந்த நாளுக்கு லீவு கிடைத்தால் இங்கே வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.

தங்கள்,
இன்னாசிமேரி


சென்னப்பட்டணம்,
28-10-1947

அன்புள்ள இன்னாசிமேரிக்கு,

நீ ஊர் திரும்பியிருப்பாய் என்று நினைத்து ஏலாக்குறிச்சிக்கு எழுதுகிறேன். அத்தைக்கு எழுந்து நடக்க முடிகிறது என்று கேட்டுச் சந்தோஷம்.

வேலை போகவில்லை. துரை அடுத்த மாதம் சீமைக்குப் போகிறார். கிளப் இருக்கிறது, பந்து ஆட நம்மவர்கள் வந்துவிட்டார்கள். புல்லுக்கு அவன் இவன் என்கிற பேதம் கிடையாது.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். செப்டம்பரில் வரதராஜன்பேட்டைக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டு நேரே அரியலூருக்குப் போகிறேன் என்றேன் அல்லவா? நேரே போகவில்லை. கொள்ளிடக் கரைக்குப் போய் நல்ல அருகங்கொடியாக ஒரு சாக்கு அறுத்துக்கொண்டு நம் ஊர்க் கல்லறைக்குப் போனேன். அந்த மேட்டைக் கொத்தி, மணல் கலந்து, நாலு விரல் இடைவெளியில் வரிசையாக நட்டுவிட்டு வந்தேன். இதுவரை நான் பழகிய வேலையெல்லாம் அந்த ஒரு பாத்தியில் இருக்கிறது.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், மழை ஏமாற்றிவிட்டால் அதுவும் பட்டுப்போகும், உனக்கு இன்னொரு தடவை மனசு உடைய வேண்டாம் என்றுதான். அரியலூர்ப் பக்கம் நல்ல மழை என்று ரயிலில் வந்தவர்கள் சொல்கிறார்கள். இந்நேரம் மூடியிருக்கும். கல்லறைத் திருநாளுக்கு நீ போகும்போது பச்சையாக இருக்க வேண்டும் என்றுதான் நாள் கணக்குப் பார்த்து நட்டேன். இனி அது இறங்காது. நீ ஒவ்வொரு மழைக்கும் மண் சுமக்க வேண்டாம்.

அதன் மேல் யாரும் கால் வைக்காமல் பார்த்துக்கொள்.

சவரிமுத்து


ஏலாக்குறிச்சி,
3-11-1947

என் அன்பிற்குரியவருக்கு,

இந்த வருஷம் இரண்டாம் தேதி ஞாயிறு ஆகிவிட்டதால் கல்லறைத் திருநாள் இன்றைக்குத்தான். பூசை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். மழை விடாமல் பெய்து வண்டிப்பாதை உடைந்து கிடக்கிறது. ஒரு வாரமாகத் தபாலே வரவில்லை.

நான் வியாழக்கிழமை வீடு திரும்பினேன். வெள்ளிக்கிழமை காலையில் செம்மண்ணும் சுண்ணாம்பும் கூடையில் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். எல்லாரும் அவரவர் குழியைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். நம் செசிலி குழியைக் காணோம். சிலுவை மட்டும் தெரிந்தது. குழி முழுக்கப் புல். தலைமாடு, கால்மாடு எல்லாம் புல். ஆளில்லாத அனாதைக் குழி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பக்கத்தில் மாமியார் குழியைச் செதுக்கிக்கொண்டிருந்த பாப்பாயி நிமிர்ந்து பார்த்தாள். "ஆத்தாக்காரி ஊரு ஊராப் போனா புள்ள குழியில புல்லுதான் மொளைக்கும்" என்றாள். இரண்டரை மாதம் முதுகைக் காட்டினேன், என் பிள்ளையைப் புல் மூடிவிட்டது.

களைக்கொத்தை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்து எடுத்தேன். ஒரு கணு மிச்சம் வைக்கவில்லை. மண்ணை உதறி உதறி எடுத்தேன். கூடையில் அள்ளிப் பாப்பாயி வீட்டு மாட்டுக்குப் போட்டேன். பிறகு செம்மண் பூசி, சுண்ணாம்பு வரி போட்டு, மெழுகுதிரி ஏற்றி வைத்தேன். சாயந்திரம் மழையில் அதுவும் கரைந்தது.

ஆனியில் வருகிறேன் என்று சொன்ன சொல்லை நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டரை மாதத்துக்கே இப்படி என்றால், பட்டணத்தில் வந்து உட்கார்ந்துகொண்டால் அவள் இருந்த இடமே தெரியாமல் போகும். நான் வரமாட்டேன். உங்களுக்குப் புல் இருக்கிறது. எனக்கு இந்த மண் மேடுதான் இருக்கிறது.

இன்னாசிமேரி


ஏலாக்குறிச்சி,
6-11-1947

உங்கள் 28ஆம் தேதிக் கடிதம் நேற்றுக் கிடைத்தது.

வரிசை பிடித்து முளைத்திருந்தது. நாலு விரல் இடைவெளியில். அன்றைக்கு என் கண்ணில் பட்டது, மனதில் உறைக்கவில்லை. பத்து வயதிலிருந்து நாற்று நடுகிறவள் நான், எனக்கு உறைக்கவில்லை.

நீங்கள் வந்து போட்டதை என் கையாலேயே பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டேன். அது திரும்பி வராது. நான் எடுத்த இடத்தில் வராது.

அடியுங்கள், திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

இன்னாசிமேரி


சென்னப்பட்டணம்,
14-11-1947

என் மேரி,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. திட்ட என்ன இருக்கிறது? இந்த வருஷத்தின் முதல் களையை நான் பிடுங்கினேன், கடைசிக் களையை நீ பிடுங்கினாய். என் மேல் துரை காட்டிய பொறுமையை நான் உன் மேல் காட்டாவிட்டால் நான் மனிதனே இல்லை. தவறு என்னுடையது. வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டியதைப் புல்லாக நட்டுவிட்டுப் போனேன். புல் எப்படிப் பேசும்?

நீ பிப்ரவரியில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். எழுதி எழுதிக் கிழித்தது இது நாலாவது தாள்.

செசிலி போன செய்தி விமானத் தரைக்கு வந்து, எனக்கு லீவு கிடைத்து, நான் ஊர் வந்து சேர மூன்று நாள் ஆனது. நீ அழுது களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் தனியாகக் கல்லறைக்குப் போனேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சிலுவை சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வைக்கலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். புது மண். கணுக்கால் வரைக்கும் என் கால் உள்ளே போய்விட்டது. பிள்ளையைக் கடைசியாக ஒரு தடவை தூக்கக் கொடுத்து வைக்காதவன், அவளை மிதித்துவிட்டேன் என்று நினைத்தேன். காலைக் கழுவினேன். கழுவினேன். அந்த மண் இன்னும் போகவில்லை.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? பெயரைச் சொல்ல வாயெடுத்தால் அந்தக் காலடிதான் நினைவுக்கு வரும். அதனால்தான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று நீ நினைத்தாய்.

திரும்பி வேலைக்குப் போனபோது விமானத் தரையில் ஒரு மராமத்து அதிகாரி எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். புல் அழகுக்காகப் போடுவதில்லை, மண் இறங்காமல் பிடிப்பதற்கு, பெரிய விமானம் வந்து நின்றாலும் தாங்கும் என்றார். நான் அன்றைக்கே முடிவு செய்தேன். வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் நான் இந்த வேலைக்கு வரவில்லை, மேரி. ஒரு மூன்று முழ இடம் இறங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று படிக்க வந்தேன்.

உன் சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ வர வேண்டாம். மனசு வந்தால் இதைச் செய். கார்த்திகை மழை இருக்கும்போதே கரைக்குப் போய்க் கொடி அறுத்து வா. மூன்று கணு உள்ள துண்டாக நறுக்கு. இரண்டு கணு மண்ணுக்குள், ஒன்று வெளியே. நாலு விரல் இடைவெளி. முதல் மாதம் கோரை வந்தால் கிழங்கோடு எடு. ஒரு சாண் வளர்ந்ததும் கதிர் அரிவாளால் இரண்டு விரல் விட்டு வெட்டு. சுற்றிலும் ஒரு கோடு கிழித்து ஓரத்தைச் சீராக வை. ஓரம் சீராக இருந்தால் ஆள் இருக்கிற குழி என்று எவரும் தெரிந்துகொள்வார்கள்.

பாப்பாயி மேல் கோபப்படாதே. அவளுக்கும் யாரும் சொல்லவில்லை.

செசிலியின் அப்பா,
சவரிமுத்து


சென்னப்பட்டணம்,
11-7-1948

அன்புள்ள மேரி,

பழகும் காலம் முடிந்தது. தேர்ந்தவன் என்று எழுதிக் கொடுத்த தாளைக் கோயிலில் மாதா பாதத்தில் வைத்து எடுத்தேன். அறையும் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரமாகத் தனியாகத்தான் இருக்கிறேன். மூலையில் அடுப்புப் போட ஓர் இடம் விட்டிருக்கிறேன், போடவில்லை.

வா என்று எழுதக் கூடாது என்று உனக்கும் எனக்கும் பேச்சு. நான் எழுதவில்லை. புல் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

சவரிமுத்து


சேசு மரி சூசை துணை

ஏலாக்குறிச்சி,
4-11-1948

என் அன்பிற்குரியவருக்கு உங்கள் இன்னாசிமேரி எழுதுவது.

முந்தாநாள் கல்லறைத் திருநாள் நல்லபடியாக நடந்தது. எல்லாரும் களைக்கொத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் கதிர் அரிவாள் எடுத்துக்கொண்டு போனேன். எல்லாக் குழியும் சிவப்பு, செசிலி குழி ஒன்றுதான் பச்சை; போன கார்த்திகையில் நான் நட்டது நன்றாக மூடிவிட்டது. நீங்கள் சொன்னபடி இரண்டு விரல் விட்டு வெட்டி, ஓரத்தைக் கயிறு பிடித்துச் சீராக்கினேன். ஓரத்தில் மட்டும் சுண்ணாம்புக் கோடு போட்டேன், அது நானாகச் செய்தது. உங்கள் கிளப்பில் இருக்காது.

சுவாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர் நின்றார். "என்னம்மா இது?" என்று கேட்டார். "அவ அப்பாரு போட்ட புல்லுங்க சாமி" என்றேன். அவர் இன்னொரு கை தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். பாப்பாயி பிறகு மெதுவாக வந்து, "எங்க அத்தை மேட்டுக்கும் ரெண்டு கொடி குடேன்" என்றாள். கொடுத்தேன். எப்படி நடுவது என்றும் சொல்லிக் கொடுத்தேன். இனி வாரா வாரம் இரண்டையும் அவளே பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை நாம் இருவரும் வந்து வெட்டினால் போதும்.

நேற்று முழுக்க மழை. மண்வெட்டி பிடித்தால் சேறாக ஓடுகிற மழை. இன்றைக்குக் காலையில் வெயில் வந்ததும் தனியாகப் போனேன். கிழக்கு ஓரத்தில், எப்போதும் உள்வாங்குகிற இடத்தில், உள்ளங்கையை விரித்து வைத்து உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். நீங்கள் எழுதியிருந்தபடிதான்.

அமுங்கவில்லை.

வரும் திங்கட்கிழமை அரியலூரில் ரயிலேறுகிறேன். எழும்பூருக்கு வந்துவிடுங்கள். அடுப்பை நான் வந்து போட்டுக்கொள்கிறேன்.

தங்கள்,
இன்னாசிமேரி